வெட்டிவேரின் கோத்திரம்



பிரெஞ்சு மொழிக்குத் தமிழ் கொடுத்த சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டுமரம் 'கத்தமரான்' ஆனது. பறையர் என்ற பெயர் 'பரியா' என்று இழிபொருளில் போய்ச் சேர்ந்தது. அது வேறு வருத்தமான கதை. வாசனையோடு போய்ச் சேர்ந்த சொல் 'வெத்திவேர்'. பிரெஞ்சு அகராதியைப் புரட்டினால், தமிழிலிருந்து வந்த சொல் என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். வெட்டி எடுக்கிற வேர், அதனால் வெட்டிவேர். பாரிஸ் வாசனைத் திரவியக் கடைகளில் கண்ணாடிக் குப்பி மேல் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

இந்தச் சொல் தாவரவியலுக்குள்ளும் போனது. ஒரு புல் பேரினத்துக்கே 'வெட்டிவேரியா' என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ நூற்றி எழுபது வருடங்கள் புத்தகங்களில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். இப்போது நம் வெட்டிவேரின் அதிகாரப்பூர்வமான பெயர் 'கிரைசோபோகன் ஸிஸானியாய்ட்ஸ்'. ஏன் எடுத்தார்கள், யார் எடுத்தார்கள், எடுத்தது நியாயமா என்பதுதான் இன்றைய பதிவு. நான் தாவரவியல் படித்தவன் அல்ல. ஆனால் கோப்புகளுக்குப் பெயரும் எண்ணும் போட்டு அடுக்கி வைக்கிற வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவன். ஒரு கோப்பு எந்த அலமாரிக்குப் போகவேண்டும் என்கிற சண்டை எனக்குப் புதிதல்ல.

முதலில் குலத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்டிவேர் பிறந்த குலத்துக்கு 'ஆண்ட்ரோபோகனே' என்று பெயர். இதில் சுமார் 1,200 இனங்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டு மிரளவேண்டாம், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். கரும்பு, சோளம், மக்காச்சோளம், எலுமிச்சைப் புல், ஆற்றங்கரை நாணல், தர்ப்பை, தரிசு நிலத்தில் வேட்டியில் குத்தும் ஊசிப்புல் எல்லாம் இந்தக் குலம். உலகத்தின் வெப்பமான புல்வெளிகளில் பெரும்பகுதி இவர்களுடைய ராஜ்யம்.

'ஆண்ட்ரோபோகன்' என்றால் கிரேக்கத்தில் ஆண்மகனின் தாடி. கதிரில் இருக்கும் முடிகளைப் பார்த்து லின்னேயஸ் (எங்கள் வாத்தியார்கள் சொன்னபடி லின்னே) 1753இல் வைத்த பெயர். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தாடியை விடவில்லை. 'கிரைசோபோகன்' பொன் தாடி. 'ஹெட்டிரோபோகன்' மாறுபட்ட தாடி, அதுதான் நம் ஊசிப்புல். 'சிம்போபோகன்' ஓடம் போன்ற தாடி, அது எலுமிச்சைப் புல். ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் உட்கார்ந்து பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது.

லின்னேயஸ் காலத்தில் புல்லைப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் பூவே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். புல்லுக்கு இதழ் கிடையாது, நிறம் கிடையாது. கதிரில் உள்ள குட்டிக் குட்டிக் கதிர்களை, சிறுகதிர் என்று வைத்துக்கொள்வோம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் லின்னேயஸ் சோளத்தைக் கொண்டுபோய் 'ஹோல்கஸ்' என்ற ஐரோப்பிய மாட்டுத்தீவனப் புல்லோடு ஒரே பேரினத்தில் வைத்தார். கொஞ்சமும் சம்பந்தமில்லாத இடம். 1794இல் மோன்ஷ் என்ற ஜெர்மானியர்தான் அதை வெளியே எடுத்து 'சோர்கம்' என்று தனி வீடு கொடுத்தார். வெட்டிவேரும் இப்படித்தான் முதலில் வீடு மாறிப் பிறந்தது. 1771இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் 'ஃபலாரிஸ் ஸிஸானியாய்ட்ஸ்'. ஃபலாரிஸ் என்பது கூண்டுக்குருவிகளுக்குத் தீனி போடுகிற தானியப் புல்லின் பேரினம். வெட்டிவேருக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை.

'ஸிஸானியாய்ட்ஸ்' என்ற பின்பாதிக்கு, ஸிஸானியாவைப் போன்றது என்று அர்த்தம். ஸிஸானியா இப்போது வட அமெரிக்கக் காட்டரிசியின் பெயர். ஆனால் மூலச்சொல் பைபிளில் வருவது. கோதுமை வயலில் எதிரி இரவோடு இரவாக வந்து களை விதைத்துவிட்டுப் போன உவமை தெரியுமல்லவா, அந்தக் களைதான் ஸிஸானியா. பிரெஞ்சில் 'ஸெமே லா ஸிஸானி', ஸிஸானியை விதைப்பது, என்றால் இருவர் நடுவே சண்டை மூட்டிவிடுவது. எங்கள் பள்ளியில் பெஞ்சில் குழப்பம் பண்ணுகிற பையன்களை மெத்ர் இப்படித்தான் திட்டுவார். வெட்டிவேரின் பெயரில் முன்பாதி மாறிய பிறகும் இன்றைய பெயரில் இந்தப் பின்பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, சண்டையும் கூடவே வந்தது.

இந்தச் சரித்திரத்தில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்குக்காரர்கள் கையில். லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்து இறங்கினார். நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் திரிந்து செடிகளைக் காயவைத்து ஐரோப்பாவுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பினார். ஸ்வீடனில் இருந்த லின்னேயஸுக்கும், லுண்ட் நகரத்தில் இருந்த ரெட்ஸியஸுக்கும் அவருடைய செடிகள் போயின. 1783இல் ரெட்ஸியஸ் வெட்டிவேருக்கு 'ஆண்ட்ரோபோகன் மியூரிகேடஸ்' என்று இன்னொரு பெயர் கொடுத்தார். ஒரே புல், 12 வருடத்தில் இரண்டு பெயர். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் 'என்கிற' போட்டு எழுதவேண்டிய ஆசாமி.

இனி நம் பிரெஞ்சுக்காரர்கள். போரி த சேன்-வேன்சான் என்று ஒருவர். இளம் வயதில் போர்போன் தீவு, அதாவது இன்றைய ரெயூனியன், அதையெல்லாம் சுற்றிப்பார்த்து 1804இல் பயணநூல் எழுதியவர். பின்னால் நெப்போலியன் படையில் அதிகாரியாகவும் இருந்தார். 1822இல் பாரிஸில் வெளிவந்த ஒரு குறிப்பில் அவர் பெயரோடுதான் 'வெட்டிவேரியா' என்ற பேரினம் அச்சேறுகிறது. சமஸ்கிருத உசீரமோ இந்தி கஸ்ஸோ இல்லாமல் தமிழ்ச் சொல் போனதற்குக் காரணம், பிரெஞ்சுக்காரருக்கு இந்தியா என்றால் முதலில் புதுச்சேரியும் காரைக்காலும்தான்.

அதே காலத்தில் லெஷெனோ த லா தூர் என்ற தாவரவியலாளர் இங்கே புதுச்சேரியில் அரசாங்கத் தோட்டத்துப் பொறுப்பில் இருந்தார். 1816இல் வந்தவர் 1822 வரை இருந்தார். மதராஸ் மாகாணம், வங்காளம், சிலோன் எல்லாம் அலைந்து செடிகளையும் விதைகளையும் கப்பலில் போர்போனுக்கு அனுப்பினார். அதில் இரண்டு ரகக் கரும்பும் உண்டு. கரும்பும் வெட்டிவேரும் ஒரே குலத்துப் பங்காளிகள் என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். கரும்பு தோட்டக்காரர்களின் விஷயம், வெட்டிவேர் வாசனை வியாபாரிகளின் விஷயம்.

பங்காளி என்று எதை வைத்துச் சொல்வது? இதற்கு ஒரு தடயம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இந்தக் குலத்தில் சிறுகதிர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று தண்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், இன்னொன்று சின்னக் காம்பில் நிற்கும். பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான் மணி பிடிக்கும். நிற்பது ஆண், அல்லது ஒன்றுக்கும் உதவாது. சோளக் கதிரை உடைத்து நிதானமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கரும்பின் பூவில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனாலும் ஜோடிதான். மக்காச்சோளத்தில் இது வேறு விதமாக வெளிப்படுகிறது. அடுத்த தடவை கடற்கரையில் சுட்ட சோளக்கதிர் வாங்கினால், கடிக்கும் முன் மணி வரிசைகளை எண்ணுங்கள். 12, 14, 16 என்று இரட்டைப்படையாகத்தான் வரும். ஜோடியாகவே பிறப்பதால் ஒற்றைப்படைக்கு வழி இல்லை. என் பேரன் நம்பவில்லை, எண்ணிப் பார்த்த பிறகு அவன் பள்ளியில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

புல் குடும்பம் முழுவதையும் முதலில் ஒழுங்காகப் பிரித்தவர் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆஸ்திரேலியக் கடற்பயணம் போய்வந்த அவர் 1814இல் எழுதியதில், சிறுகதிர் அமைப்பை வைத்துப் புற்கள் இரண்டு பெரும் கூட்டம் என்றார். அதில் ஒன்று வெப்ப நாட்டுக்கு உரியது, மற்றது குளிர்ச்சியான நாடுகளில் மிகுதி என்றும் சொன்னார். அவர் போட்ட எல்லைக்கோடு முழுக்க அப்படியே இன்று நிற்கவில்லை. ஆனாலும் கையில் பூதக்கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அவ்வளவு தூரம் பார்த்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பு. இன்றைய கணக்கில் நெல், மூங்கில், கோதுமை மூன்றும் ஒரு கிளை. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, அறுகு எல்லாம் இன்னொரு கிளை. ஆக நெல்லுக்கு மூங்கில்தான் கிட்டத்துச் சொந்தம், சோளம் தூரத்துச் சொந்தம்.

நம் புழக்கத்துப் பெயர்கள் இதற்குள் அடங்காது. தர்ப்பை என்று வைதிகர்கள் இரண்டு புல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று 'இம்பெராட்டா', அது கரும்பின் குலம். இன்னொன்று 'டெஸ்மோஸ்டாக்யா', அது கேழ்வரகு, அறுகம்புல் பக்கத்துக் கிளை. இரண்டுக்கும் மோதிரம் ஒன்றுதான். அறுகைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று: அதன் தாவரப் பெயர் 'சைனோடான்', கிரேக்கத்தில் நாய்ப்பல். பிரெஞ்சிலும் 'ஷியாந்தான்', அதே நாய்ப்பல்தான். நாம் பிள்ளையாருக்குச் சாத்துவதை அவர்கள் நாயின் பல் என்கிறார்கள். வெட்டிவேரையும் பழைய பிரெஞ்சில் 'இந்திய நாய்ப்பல்' என்று சொல்வதுண்டு.

சரி, தாடிக் குலத்துக்கு வருவோம். 1889இல் எடுவார்ட் ஹாக்கல் என்ற ஆஸ்திரியப் பள்ளி ஆசிரியர் இந்தக் குலத்துக்கென்றே ஒரு பெரும் நூல் எழுதினார். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, சாங்க்ட் போல்ட்டன் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் காய்ந்த புல் அவர் வீட்டுக்குத் தபாலில் வந்தது. அவர் சேர்த்துவைக்கிற ஜாதி. சோளம், வெட்டிவேர், எலுமிச்சைப் புல், பொன் தாடி எல்லாவற்றையும் 'ஆண்ட்ரோபோகன்' என்ற ஒரே பெரிய குடையின் கீழ் கொண்டுவந்தார், உள்ளே அறை அறையாகத் தடுத்துவைத்தார். அந்தக் காலத்து இந்தியப் புத்தகங்களில் சோளமே 'ஆண்ட்ரோபோகன் சோர்கம்' என்றும், வெட்டிவேர் 'ஆண்ட்ரோபோகன் ஸ்க்வாரோசஸ்' என்றும் வருவது இதனால்தான். கூட்டுக்குடும்பம்.

கூட்டுக்குடும்பம் எவ்வளவு நாள் தாங்கும்? லண்டன் கியூ தோட்டத்தில் ஆட்டோ ஸ்டாஃப் என்பவர் பாகப்பிரிவினை பண்ண ஆரம்பித்தார். 1906இல் இந்திய, சிலோன் எண்ணெய்ப் புற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, எலுமிச்சைப் புல்லையும் அதன் சொந்தங்களையும் 'சிம்போபோகன்' என்று தனியாக்கினார், வெட்டிவேரையும் தனி வீடாகவே வைத்தார். வியாபாரத்தில் எந்தப் புல்லின் எண்ணெய் எது என்று தெரியாமல் கலப்படமும் குழப்பமுமாக இருந்த காலம் அது, ஆகவே இந்தப் பிரிவினைக்கு அவசரம் இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1903இல், அமெரிக்கரான நாஷ் 'வெட்டிவேரியா ஸிஸானியாய்ட்ஸ்' என்று எழுதியிருந்தார். நம் தலைமுறை படித்த பெயர் இதுதான். பாரிஸ் அருங்காட்சியகத்தில் எமே கமு என்ற பெண்மணி இந்தோசீனப் புற்களை ஆராய்ந்தபோது அவரும் பிரிக்கும் பக்கமே நின்றார். தந்தையும் மகளுமாகச் சேர்ந்து அந்தப் புற்களைப் பற்றி எழுதியவர்கள். பெண்கள் ஆய்வுக்கூடத்தில் அபூர்வமாக இருந்த காலத்தில் அவர் பெயர் வைத்த புற்கள் இன்றும் அவர் கையெழுத்தோடு நிற்கின்றன.

இதற்கிடையில் கோயம்புத்தூரில் வேறொரு வழியில் உறவைச் சோதித்தார்கள். உறவு என்றால் நமக்கு என்ன? பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடிகிறதா என்பதுதானே. 1912இல் அங்கே கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கியது, பார்பர் என்ற ஆங்கிலேயர் தலைமையில். கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும், மற்ற பல இடங்களில் பூக்காது, அதனால் அந்த ஊர். பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்தார்கள். நாணல் என்பது காசுக்கு உதவாத கரடுமுரடான புல், ஆனால் வறட்சிக்கும் நோய்க்கும் அசையாது. பிறந்த பிள்ளை 'கோ 205', 1918இல் வெளியானது. வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே அது மாற்றியது. இன்று உலகத்தில் பயிராகும் கரும்பு ரகங்களில் பெரும்பாலானவற்றில் நாணலின் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது.

வெங்கட்ராமன் அங்கே நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் கரும்பையும் சோளத்தையும் சேர்த்து கலப்பினம் எடுத்தார். அதே நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நினைத்துப் பாருங்கள், வேறு வேறு பேரினம், வேறு வேறு கண்டத்துப் பயிர், ஆனாலும் சம்பந்தம் கூடியது. புத்தகத்தில் வேலி போட்டவர்களுக்கு இது சங்கடமான செய்தி. அந்தக் காலத்தில் மக்காச்சோளத்தை இந்தக் குலத்திலேயே சேர்க்காமல், ஆண்கதிரும் பெண்கதிரும் தனித்தனியாக இருக்கிற காரணத்தால் வேறு குலமாகப் பலர் வைத்திருந்தார்கள். அதே காரணத்துக்காக மணிமாலை கோக்கிற காட்டுப் புல் 'காய்க்ஸ்' என்பதையும் அதோடு சேர்த்திருந்தார்கள். பின்னால்தான் தெரிந்தது, இரண்டும் தனித்தனியாக அந்த வழக்கத்துக்கு வந்தவை, உடன்பிறப்பு அல்ல. இரண்டு பேர் தலையில் குல்லா போட்டிருப்பதால் அண்ணன் தம்பி ஆகிவிடமாட்டார்கள் அல்லவா.

இந்தக் குலம் வெயிலில் ஏன் இவ்வளவு கொழிக்கிறது என்பதற்கும் கரும்பிலிருந்துதான் பதில் வந்தது. சாதாரணச் செடி காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்து முதலில் செய்வது மூன்று கார்பன் உள்ள பொருள். 1965இல் ஹவாய்க் கரும்புத் தோட்டக்காரர்களின் ஆய்வுக்கூடத்திலும், 1966இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவரும், கரும்பு முதலில் நான்கு கார்பன் பொருளைச் செய்கிறது என்று காட்டினார்கள். இதற்கு சி-4 வழி என்று பெயர். வெயில் ஏறினால் நெல் போன்ற செடிகளில் கரியமில வாயுவைப் பிடிக்கிற நொதி, தடுமாறி பிராணவாயுவைப் பிடித்துவிடும், உழைப்பு வீண். கரும்பு கரியமில வாயுவை இலை நரம்பைச் சுற்றியுள்ள அறைகளில் அடைத்துச் செறிவாக்கிக் கொடுப்பதால் அந்தத் தடுமாற்றம் வராது. தண்ணீரும் குறைவாகவே செலவாகும். தாடிக் குலத்தில் ஒருவர் விடாமல் எல்லோரும் சி-4. ஏறத்தாழ 80 லட்சம் வருடங்களுக்கு முன் இந்தமாதிரிப் புற்கள் பரவி, காடு இருந்த இடங்களில் புல்வெளி வந்தது. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மண்ணில் அதன் ரசாயனத் தடயம் இருக்கிறது.

இனி 1960. அந்த ஒரே வருடத்தில் இரண்டு பெரிய நூல்கள் வந்தன, இரண்டும் வெட்டிவேரை வேறு வேறு அலமாரியில் வைத்தன. இந்திய வனத்துறையில் பணிபுரிந்து பிறகு கியூவுக்குப் போன என்.எல். போர், பர்மா, சிலோன், இந்தியா, பாகிஸ்தான் புற்களைப் பற்றிய தன் நூலில் 'வெட்டிவேரியா' என்றே வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த கீ ரொபெர்த்தி, உலகத்துத் தாடிப் புற்கள் அத்தனைக்குமாக பிரெஞ்சில் ஒரு பெரும் நூல் எழுதினார், ஜெனீவாவில் வெளியானது. அவர் மறுபடி சேர்க்கும் கட்சி. வெட்டிவேரியா என்று தனியாக எதுவும் இல்லை, அது பொன் தாடியான கிரைசோபோகன்தான் என்று அந்த வருடமே எழுதிவிட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அளவுக்கு மேல் சேர்க்கிறார் என்ற பேச்சு இருந்தது.

இரண்டையும் பிரித்து வைத்திருந்த காரணம் இதுதான். கிரைசோபோகனில் கதிர்க்கிளையின் நுனியில் மூன்றே சிறுகதிர்: உட்கார்ந்தது ஒன்று, நிற்பது இரண்டு. வெட்டிவேரியாவில் ஜோடிகள் நிறைய, நீளமான கிளை. வேட்டி ஓரத்தில் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வருகிற ஒட்டுப்புல் கிரைசோபோகன்தான். அதன் சிறுகதிரின் அடிப்பாகம் ஊசி போல் கூர்மை, வெட்டிவேரில் அப்படி இல்லை. பார்வைக்கு இரண்டும் மாமன் மச்சான் கூட இல்லை. ஆனால் நெதர்லாந்தின் லெய்டனில் இருந்த வெல்ட்காம்ப் ஆசிய, ஆஸ்திரேலிய இனங்களையெல்லாம் எடுத்துப் பரப்பிப் பார்த்தபோது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவை இருந்தன. அங்கே இங்கே என்று கோடு போட முடியவில்லை. 1998இல் வந்த டி.என்.ஏ. ஆய்விலும் இரண்டும் தனித்தனிக் கூட்டமாகப் பிரியவில்லை. 1999இல் வெல்ட்காம்ப், ரொபெர்த்தி சொன்னதுதான் சரி என்று எழுதினார். 39 வருடம் அலமாரியில் தூங்கிய கோப்புக்கு அன்று உத்தரவு வந்தது.

சேர்ப்பது சரி, பெயர் ஏன் கிரைசோபோகன் என்று போகவேண்டும், ஏன் வெட்டிவேரியா என்று இருக்கக்கூடாது? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். தாவரவியல் பெயர்ச் சட்டத்தில் முதலில் அச்சானதற்கு முதல் உரிமை. ட்ரீனியஸ் என்பவர் கிரைசோபோகனை 1820இல் வெளியிட்டார். வெட்டிவேரியா 1822. இரண்டே வருடத்தில் போயிற்று. சட்டம் என்றால் சட்டம், குமாஸ்தாவாக இருந்தவன் அதை மதிக்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் உள்ளே பாருங்கள்: கிரைசோபோகனும் பழையது அல்ல. கொச்சின்சீனாவில் இருந்த போர்த்துகீசியப் பாதிரியார் லொரேரோ 1790இலேயே 'ராபிஸ்' என்ற பெயரை அந்தப் புற்களுக்கு வைத்துவிட்டார். எல்லோரும் கிரைசோபோகன் என்றே பழகிவிட்டார்கள், மாற்றினால் குழப்பம் என்று, கூடிப் பேசி விதிவிலக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஆக பழக்கத்துக்காக விதியைத் தளர்த்துவது உண்டு. வெட்டிவேரியாவுக்கு அந்தச் சலுகை கேட்டிருந்தால்? நியாயமாக யோசித்தால் கிடைத்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெட்டிவேரியாவில் சுமார் பத்து இனம், கிரைசோபோகனில் அதைப்போலப் பல மடங்கு. பத்துப் பேருக்காக மற்ற எல்லோருடைய ரேஷன் கார்டையும் மாற்றுவார்களா?

டி.என்.ஏ. வந்த பிறகு இந்தக் குலத்தின் மற்ற உறவுகளும் தெளிந்துவிட்டன என்று நினைத்தால் இல்லை. கிளைகள் மிகக் குறுகிய காலத்தில் சடசடவென்று பிரிந்திருக்கின்றன, எது முதல் எது அடுத்தது என்று பிடிப்பது கடினம். அதோடு 2014இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று சொன்னது: பரிசோதித்த இனங்களில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு வேறு இனங்கள் கலந்து, இரண்டின் குரோமோசோமும் முழுதாகச் சேர்ந்து பிறந்தவை. அதாவது கோவையில் வெங்கட்ராமன் செய்ததை இயற்கை லட்சக்கணக்கான வருடமாகத் தானே செய்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாய்வழி ஒரு கிளை, தந்தைவழி ஒரு கிளை. வம்சமரம் வரைய மரம் போதாது, மீன்வலை மாதிரி வரையவேண்டும். கரும்பு இதில் உச்சம். சோளத்துக்கு குரோமோசோம் 20, வெட்டிவேருக்கும் 20. இன்றைய கரும்புக்கு நூற்றுக்கும் மேல். சோளத்தின் மரபணுத் தொகுதியை 2009இலேயே முழுதாகப் படித்துவிட்டார்கள், அதைக் கைவிளக்காக வைத்துக்கொண்டுதான் கரும்பில் நுழைந்தார்கள். கடைசியில் 2024இல் 'ஆர் 570' என்ற ரகத்தைப் படித்து முடித்தார்கள். அந்த 'ஆர்' எது தெரியுமா? ரெயூனியன். லெஷெனோ இங்கிருந்து கரும்பு அனுப்பிய அதே தீவு.

வெட்டிவேர் விஷயத்தில் 1998 ஆய்வு இன்னொன்றையும் கண்டுபிடித்தது, எனக்குப் பெயரைவிட இதுதான் பெரிய கவலை. வெட்டிவேரில் இரண்டு வகை. வட இந்தியாவில் ஆற்றோரம் காடாக வளர்வது பூத்து விதை விடும். தென்னிந்தியாவில் பயிராவது விதை விடாது, தூரைப் பிரித்துத்தான் நடவேண்டும். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் போடுவது இந்த வகை. மைசூர்ப் பக்கம் குண்டலுபேட்டை விவசாயிகள் மண் அரிக்காமல் இருக்க வரப்பில் இதைத் தலைமுறையாக நட்டுவந்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1980களில் உலக வங்கி ஆட்கள் மற்ற நாடுகளுக்குப் பரப்பினார்கள். விதை விடாததால் களையாகப் பரவாது, நல்லது. ஆனால் தெற்காசியாவுக்கு வெளியிலிருந்து வந்த 60 மாதிரிகளைச் சோதித்தபோது 53 ஒரே செடியின் நகல்கள். பல நாடுகளில் மலைச்சரிவையும் சாலையோரத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு செடி என்று அர்த்தம். அதற்கு ஆகாத ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் போகும். மாற்றுக்கு வேறு ரகம் தேடவேண்டுமானால் அதன் பிறந்தகமான இந்தியாவுக்கும், அதன் உண்மையான சொந்தங்களான கிரைசோபோகன்களிடமும்தான் வரவேண்டும். எந்தக் கோத்திரம் என்று தெரிந்து வைத்திருப்பது அங்கே உதவும்.

நம் ஊரிலேயே பிரெஞ்சு நிறுவனத்தில் 1955 முதல் சேர்த்த உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, 20,000க்கும் மேற்பட்ட தாள்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினா பாதிரியார் பெயரில் இன்னொன்று. இப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழிக்கமாட்டார்கள். புதுப் பெயரை இன்னொரு சீட்டில் எழுதி, யார் எப்போது மாற்றினார் என்று கையெழுத்திட்டுப் பக்கத்தில் ஒட்டுவார்கள். பழைய குறிப்பும் இருக்கும், புதிய உத்தரவும் இருக்கும். சர்க்கார் ஆபீசில் இப்படி இருந்திருந்தால் எத்தனையோ தொசியே காணாமல் போயிருக்காது.

வீட்டில் பழைய சித்த மருத்துவப் புத்தகம் வைத்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு குறிப்பு. அதில் 'ஆண்ட்ரோபோகன் மியூரிகேடஸ்', 'ஆண்ட்ரோபோகன் ஸ்க்வாரோசஸ்', 'வெட்டிவேரியா ஸிஸானியாய்ட்ஸ்' என்று எது போட்டிருந்தாலும் நாட்டு மருந்துக் கடையில் கேட்கவேண்டியது வெட்டிவேர்தான். தைலக் குப்பிகளில் இன்னமும் வெட்டிவேரியா என்றே அச்சடிக்கிறவர்கள் நிறைய, வியாபாரிகள் சட்டத்துக்காக லேபிளை மாற்றுவதில்லை. எலுமிச்சைப் புல் 'ஆண்ட்ரோபோகன் சிட்ரேடஸ்' என்று இருந்தால் அது இன்றைய 'சிம்போபோகன் சிட்ரேடஸ்'. சோளத்துக்கு 'ஹோல்கஸ்' என்று கண்டால் ரொம்பப் பழைய புத்தகம், பத்திரமாக வையுங்கள்.